வாரச் சம்பளம், மாதத் தவணை, வருடச் செலவு: முதல் வேலைக்கு வந்தவர்களுக்கான பண வழிகாட்டி

திருப்பூர், அவிநாசி, பெருந்துறை, கரூர், கோவை என்று இந்தப் பக்கம் முதல் வேலைக்குச் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்குகிறவர்களுக்காக எழுதியது இது. மாதச் சம்பளக்காரர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். 5ஆம் படியை மட்டும் அவர்கள் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நான் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் போடுகிறவன். அட்வான்ஸ் கேட்டு வருகிறவர்களில் ஊதாரிகள் குறைவு. சம்பளம் வாரத்துக்கு வருகிறது. வாடகையும் தவணையும் மாதத்துக்குக் கேட்கின்றன. கல்யாணம், நோம்பி என்கிற ஊர்த் திருவிழா, தீபாவளி எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நிற்கின்றன. இந்த மூன்றையும் யாரும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பதில்லை, பணம் தட்டுவது அங்கேதான்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். புதிதாகச் சம்பாதிக்கிறவர்கள் பெரும்பாலும் 11ஆம் படியில்தான் தொடங்குகிறார்கள்: முதல் மாதமே ஒரு சீட்டு, மூன்றாம் மாதம் ஒரு வண்டி. பிறகு ஆறாம் மாதம் அட்வான்ஸ்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆதார், பான், வங்கிப் புத்தகம், உங்கள் பெயரிலேயே உள்ள ஒரு செல்போன் எண், ஒரு நீள நோட்டு, முகூர்த்த நாள் போட்ட ஒரு காலண்டர். வீட்டில் மொய் நோட்டு இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். 4ஆம் படிக்கு வேண்டும்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது பெயர். நம் ஊரில் ஆதாரில் இனிஷியல் ஓர் எழுத்தாக இருக்கும், பானில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், வங்கியில் இனிஷியல் முன்னால் நிற்கும், பள்ளிச் சான்றிதழில் பின்னால் நிற்கும். சம்பளம் வரும்வரை இது யாருக்கும் தொந்தரவு கொடுக்காது. பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிப் பணம் எடுக்கப் போகும்போதோ கடன் வாங்கப் போகும்போதோதான் திருப்பி அனுப்புவார்கள். ஆதாரையும் பானையும் வங்கிக் கணக்கையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். பிறந்த தேதியையும் அப்படியே சரிபாருங்கள். திருத்தம் முடியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால்தான் இதை முதல் படியில் வைத்திருக்கிறேன்.

அடிக்கடி பார்க்கிற தவறு: ஆதாரோடு மாமா எண்ணையோ, எப்போதோ தொலைந்த சிம்மையோ இணைத்திருப்பது. ஓ.டி.பி. வராமல் அரை நாள் சம்பளம் போகும்.

2. இரண்டு கணக்கு வையுங்கள்

சம்பளம் விழும் கணக்கு ஒன்று. அதில் ஜி-பே, போன்-பே எல்லாம் இருக்கட்டும். இரண்டாவது கணக்கை வேறு வங்கியிலோ தபால் நிலையத்திலோ தொடங்குங்கள். அதை எந்த யு.பி.ஐ. செயலியிலும் சேர்க்க வேண்டாம். ஏ.டி.எம். கார்டு கொடுத்தால் வீட்டுப் பீரோவில் வைத்துவிடுங்கள். இதைத் ‘தொடாத கணக்கு’ என்று சொல்லிக்கொள்வோம்.

எல்லாப் பணமும் ஒரே கணக்கில் இருந்தால், செல்போனில் தெரியும் தொகை முழுவதும் செலவுக்கு உரியது போலவே கண்ணுக்குப் படும். அடுத்த வாரம் கட்ட வேண்டிய 2,000 ரூபாய்த் தவணையும் அதற்குள்தான் இருக்கிறது என்பது பேக்கரியில் நிற்கும்போது நினைவுக்கு வராது.

தொடாத கணக்குக்கு, குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கே போதும். இருப்புக் குறைந்ததற்கு அபராதம் போடும் கணக்கில் சிறுசேமிப்பை வைக்காதீர்கள்.

3. நான்கு சனிக்கிழமை வரை எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

ஒரு மாதம் வழக்கம்போலவே செலவு செய்யுங்கள். ராத்திரி படுக்கும் முன் நோட்டில் எழுதுங்கள். ஐந்தே தலைப்பு: வீடு, சாப்பாடும் பஸ்ஸும், தவணை, விசேஷம், மற்றவை. முப்பது தலைப்பு உள்ள செயலியில் தொடங்கியவர்கள் இரண்டாவது வாரத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

யு.பி.ஐ. வரலாறு இருக்கும்போது எதற்கு நோட்டு என்று கேட்பார்கள். அந்த வரலாற்றில் ஆள் பெயரும் தொகையும்தான் இருக்கும். ‘முருகன் 300’ என்பது பெட்ரோலா, பிரியாணியா, நண்பனுக்குக் கொடுத்த கைமாத்தா என்று பத்து நாள் கழித்து உங்களுக்கே தெரியாது.

கைமாத்தைக் கட்டாயம் எழுதுங்கள், கொடுத்ததும் வாங்கியதும். இளைஞர்களின் கணக்கில் காணாமல் போகும் பணத்தில் பெரும்பகுதி இதுதான். திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் அதை யாரும் செலவில் சேர்ப்பதில்லை.

இந்த மாதத்திலேயே சிக்கனம் பிடிக்கத் தொடங்கிவிட்டால் நோட்டில் பொய்க் கணக்குத்தான் ஏறும். உங்கள் உண்மையான செலவு தெரியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

4. வருடச் செலவை முதலில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். வெளியூர்ப் புத்தகங்கள் மாதச் சம்பளத்தை இத்தனை சதவீதமாகப் பிரி என்று சொல்லும். நம் ஊரில் பணம் சதவீதமாகப் போவதில்லை, முகூர்த்தமாகப் போகிறது.

காலண்டரை விரித்து வையுங்கள். தை மாதம் பொங்கல், தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை, கூடவே முகூர்த்தங்கள். மாசியிலிருந்து சித்திரை வரை ஊர் ஊராக மாரியம்மன் நோம்பி. கோவைக்காரர்களுக்குக் கோனியம்மன் தேர், ஈரோட்டுக்காரர்களுக்குப் பெரிய மாரியம்மன் திருவிழா. ஜூனில் தம்பி தங்கைக்குப் பள்ளிக் கட்டணம். வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாணமும் கிரகப்பிரவேசமும் வரிசைகட்டும். ஐப்பசியில் தீபாவளி. ஆடியும் மார்கழியும்தான் விசேஷம் குறைந்த மாதங்கள். பணம் சேர்க்க இவைதான் நல்ல நேரம். ஆடித் தள்ளுபடிக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

அடுத்து மொய் நோட்டு. அக்கா கல்யாணத்துக்கும் உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கும் யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது அதில் இருக்கிறது. அந்தக் குடும்பங்களில் அடுத்த இரண்டு வருடத்துக்குள் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் பட்டியலே சொல்லிவிடுவார். மொய் என்பது நாள் குறிக்காத கடன். வாங்கியதற்குக் குறையாமல் திருப்பி வைத்தே ஆக வேண்டும். பத்திரிகை வந்த பிறகு பணம் தேடுவதை விட, இப்போதே எழுதி வைத்துவிட்டால் பாதி பாரம் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு. வருடத்துக்கு மொய்யும் சீரும் 14,000. தீபாவளித் துணியும் பலகாரமும் 10,000. தம்பி கட்டணம் 5,000. வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 4,000. நோம்பியும் கோயிலும் 3,000. மொத்தம் 36,000 ரூபாய். இதை 52ஆல் வகுக்காதீர்கள், 48ஆல் வகுங்கள். காரணம் அடுத்த படியில். வாரத்துக்கு 750 ரூபாய் வருகிறது.

தீபாவளி போனஸை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். போனஸ் பெறத் தகுதியுள்ளவருக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்றாலும், நடுவில் கம்பெனி மாறியிருந்தால் கையில் வருவது எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்தால் 7ஆம், 8ஆம் படிகளுக்கு அனுப்புங்கள்.

5. சனிக்கிழமைப் பிரிப்பு

பிடித்தம் போக வாரம் 4,500 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஷிப்டுச் சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். ஒன்றரை ஷிப்டு ஓடுகிற மாதத்தை வைத்துத் திட்டம் போட்டால், ஆர்டர் குறைந்ததும் எல்லாம் சரியும்.

பிரிப்பு இப்படி இருக்கலாம்: வீட்டுக்கு 1,750, மாதத் தவணைக்கும் ரீசார்ஜுக்கும் 600, வருடச் செலவுக்கு 750, அவசரப் பணத்துக்கு 500, கைச்செலவுக்கு 900. தொகை ஆளுக்கு ஆள் மாறும். வரிசை மாறக் கூடாது. கைச்செலவு கடைசியில்தான்.

சம்பளம் விழுந்த ஒரு மணி நேரத்துக்குள், கம்பெனி வாசலைத் தாண்டும் முன், 750ஐயும் 500ஐயும் தொடாத கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் மிச்சம் இருப்பதைத்தான் மாற்றுவீர்கள்.

இனி அந்த 48. ஒரு வருடத்தில் 52 சனிக்கிழமை. மாதத்துக்கு நான்கு என்று கணக்குப் போட்டால் 48தான் ஆகிறது. மீதி நான்கும், ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் ஒளிந்திருக்கின்றன. ‘இந்த மாதம் ஒரு வாரச் சம்பளம் கூடுதல்’ என்று அந்த ஐந்தாவது சனியைச் செலவழிப்பதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் தீபாவளிக்கு ஒரு வாரம் கம்பெனி மூடும், பொங்கலுக்கு ஒரு வாரம், ஆர்டர் இல்லாமலோ உடம்பு சரியில்லாமலோ ஒன்றிரண்டு வாரம். சேர்த்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே நான்கு வாரம். ஐந்தாவது சனிச் சம்பளம் சம்பளமில்லாத வாரத்துக்கு உரியது. அதை அப்படியே தொடாத கணக்குக்கு அனுப்பி, நோட்டில் ‘லீவு வாரம்’ என்று எழுதி வையுங்கள். தீபாவளி முடிந்து வேலை தொடங்கும் வாரத்தில் எங்கள் மேசைக்கு வரும் அட்வான்ஸ் கூட்டத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

தவணைத் தேதி பற்றி ஒரு சொல். புதிதாகத் தவணை எடுக்கும்போது எந்தத் தேதியில் பிடிக்க வேண்டும் என்று கேட்டால் சொல்லுங்கள். வாடகை, தவணை, சீட்டு எல்லாம் 5ஆம் தேதியில் வந்து முட்டினால் வாரச் சம்பளக்காரர் தாங்க மாட்டார். பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒருபக்கம், கடன் கொடுத்தவர் ஒருபக்கம் என இரண்டு அபராதம்.

6. வீட்டில் ஒரு தொகையைப் பேசி முடியுங்கள்

முழுச் சம்பளத்தையும் வீட்டில் கொடுத்துவிட்டு அன்றாடம் 50, 100 என்று கேட்டு வாங்குவதும், எதுவுமே கொடுக்காமல் கேட்கும்போது மட்டும் கொடுப்பதும், இரண்டுமே கணக்கு பழக விடாது. ஒரே தொகை, ஒரே கிழமை என்று வையுங்கள். பேச்சை இப்படித் தொடங்கலாம்: “அப்பா, வாரா வாரம் ஆயிரத்து எழுநூத்தம்பது குடுத்தர்றனுங்க. அதுக்கு மேல ஏதாச்சும் செலவு வந்தா ஒரு மாசம் முந்தியே சொல்லீருங்க.” கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்து பலர் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தொகை தெரிந்துவிட்டால் பெற்றோருக்கும் நிம்மதிதான்.

அப்போதே இன்னொன்றும் கேளுங்கள்: அம்மா பெயரில் மகளிர் குழுக் கடன் ஓடுகிறதா, வாரத் தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை வாரம்? உங்கள் வண்டிக்கு முன்பணம் கட்ட எடுத்த குழுக் கடனாகவும் அது இருக்கலாம். வீட்டில் ஓடும் கடன் தெரியாமல் உங்கள் கணக்கு முழுமை ஆகாது.

விடுதியில் தங்கி மில்லிலோ கம்பெனியிலோ வேலை செய்யும் பெண்களுக்கு: பணத்தை ஊருக்கு அனுப்புங்கள், ஏ.டி.எம். கார்டை அனுப்பாதீர்கள். கார்டும் ரகசிய எண்ணும் வங்கியில் பதிந்த செல்போன் எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். மாதம் 500 ரூபாயாவது உங்கள் பெயரில் நிற்கட்டும்.

7. முதல் 10,000

கடனை அடைப்பதற்கு முன்னால் இது. வாரம் 500 என்றால் 20 வாரத்தில் சேர்ந்துவிடும்.

கடனுக்கு வட்டி ஓடும்போது பணத்தைச் சும்மா வைப்பதா என்று கேட்பது நியாயமே. ஆனால் கையில் எதுவும் இல்லாமல் முழுப் பணத்தையும் கடனில் கட்டினால், அடுத்த காய்ச்சலுக்கோ வண்டி ரிப்பேருக்கோ மீண்டும் அதே வட்டிக்காரரிடம் போய் நிற்பீர்கள். இந்த 10,000 அந்தப் போக்குவரத்தை நிறுத்துகிறது. கடன் தீர்ந்த பிறகு இதை மூன்று மாதச் செலவுத் தொகையாக வளர்க்கலாம்.

நோட்டில் ‘அவசரம்’ என்றால் என்ன என்று மூன்று வரி எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி, வேலை இழப்பு, வேலைக்குப் போகும் வண்டி நின்றுபோவது. நண்பன் பிறந்தநாள் அதில் இல்லை.

8. கடனை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள்

ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாஷையில் கடன் கொடுப்பதால்தான் எது மலிவு என்று தெரிவதில்லை. ஊரில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். எல்லாக் கடனையும் இந்த அளவுக்கு மாற்றுங்கள்.

வார பைனான்ஸ்: 10,000 என்று எழுதிக்கொண்டு 1,500ஐப் பிடித்து 8,500 கொடுப்பார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். ‘பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுதானே, 15 சதவீதம்’ என்று தோன்றும். கையில் வந்தது 8,500. அதுவும் ஒவ்வொரு வாரமும் குறைந்துகொண்டே வருகிறது. சரியாகக் கணக்குப் போட்டால் வாரத்துக்கு 3 சதவீதத்துக்கும் சற்று மேல், மாதத்துக்கு 13 வட்டி, வருடத்துக்கு ஏறக்குறைய 160 சதவீதம். ரெண்டு வட்டிக்காரரைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இதைச் சிரித்துக்கொண்டே வாங்குகிறார்.

கிரெடிட் கார்டில் ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டி வந்தால் பெரும்பாலும் மூன்று வட்டிக்கு மேல் ஓடும். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வட்டிக்குள் கிடைக்கிறது. ஆகவே வீட்டில் நகை இருந்து, பைனான்ஸ் கடனும் இருந்தால், நகையை வங்கியில் வைத்துப் பைனான்ஸை அடைப்பது கணக்குக்குச் சரி. வேறு எதற்காகவும் நகையை வைக்காதீர்கள். மீட்கும் தேதியையும் காலண்டரில் எழுதுங்கள், தவறினால் ஏலம்.

அடைக்கும் வரிசை: வட்டி அதிகமுள்ளது முதலில். மற்றவற்றுக்குக் குறித்த தவணை மட்டும் போகட்டும். உறவினரிடம் வாங்கிய வட்டியில்லாக் கைமாத்து கணக்குப்படி கடைசியில் வர வேண்டும். ஆனால் பங்காளி முறையில் மனக்கசப்பு வரும் என்றால் முன்னாலேயே அடைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் வட்டியால் மட்டும் அளக்க முடியாது.

செல்போனில் உடனடிக் கடன் தரும் செயலிகள்: தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிப் பணமோ படமோ போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

9. பிறருக்காகக் கையெழுத்துப் போடும் முன்

நிரந்தர வேலையில் சேர்ந்ததும் முதலில் வரும் வேண்டுகோள் இது. ‘மாப்ள, ஒரு கையெழுத்துத்தான்.’ ஜாமீன் போட்டால், கடன் வாங்கியவர் கட்டாதபோது முழுத் தொகைக்கும் நீங்கள் பொறுப்பு. பாதிக்கு மட்டும் என்று இல்லை. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து கெடும். 300 முதல் 900 வரை உள்ள அந்த மதிப்பெண் நாளை உங்கள் வீட்டுக் கடனுக்கு வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாகவே பெறலாம். உங்களுக்குத் தெரியாத கடன் உங்கள் பெயரில் நிற்கிறதா என்று பாருங்கள்.

தொகை எழுதாத செக்கிலும் நிரப்பாத புரோநோட்டிலும் கையெழுத்திடாதீர்கள். செக் திரும்பினால் வழக்கு, இரண்டு வருடம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. மறுக்க முடியாத உறவு என்றால், உங்களால் தாங்க முடிகிற ஒரு சிறு தொகையைக் கொடுத்து, திரும்பாது என்று நோட்டில் எழுதிவிடுங்கள். ஜாமீனை விட அது மலிவு.

10. பி.எஃப்., இ.எஸ்.ஐ., இரண்டு சிறு காப்பீடு

பி.எஃப். கணக்கிடும் சம்பளத்தில் 12 சதவீதம் உங்களிடமிருந்து போகிறது, கம்பெனியும் 12 சதவீதம் போடுகிறது. புதிய கம்பெனியில் சேரும்போது பழைய யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண்ணைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் புது எண் விழுந்து, ஒருவருக்கே மூன்று நான்கு எண் ஆகி, பணம் அங்கங்கே நிற்கும். கம்பெனி மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடுவதும் இங்கே வழக்கம். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடப் பணி தேவை. எடுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பத்து வருடம் சேரவே சேராது. எடுக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனியின் பங்கு 3.25. பிடித்தம் போகிறதே என்று குறைப்படுகிறவர்கள் பலர், கார்டில் குடும்பத்தினர் பெயரைச் சேர்த்தவர்கள் சிலர். உங்கள் வருமானத்தை நம்பியிருக்கும் அப்பா அம்மாவையும் சேர்க்கலாம். கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வாசல்வரை போய்விட்டுப் பெயர் இல்லை என்று திரும்பும் நிலை வேண்டாம். இன்னொன்று: ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். டாக்டர் சீட்டை வாங்கி வையுங்கள்.

இதோடு வங்கியில் இரண்டு காப்பீடு: வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு. இரண்டும் பிரதமர் பெயரில் உள்ள திட்டங்கள். மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். அந்த வாரம் இருப்பு இல்லையென்றால் காப்பீடு சத்தமில்லாமல் நின்றுவிடும். காலண்டரில் மே 25ஐச் சுற்றி வட்டம் போட்டு, கணக்கில் 500 ரூபாய் வையுங்கள்.

11. சீட்டு, நகை, வண்டி

இப்போதுதான் இங்கே வருகிறோம்.

சீட்டு தப்பில்லை. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்து சேருங்கள். 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் சீட்டு என்று வையுங்கள். ஒருவர் ஏலத்தில் 25,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து, எடுத்தால் அவருக்கு 75,000. அந்த 25,000இல் சீட்டு நடத்துகிறவருக்கு 5,000 போனால், மீதி 20,000ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,000. அந்த மாதம் நீங்கள் 4,000 கட்டினால் போதும். முன்னால் எடுப்பவருக்கு இது கடன், கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. சேரும் முன்பே நீங்கள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் பக்கத்து ஆள் எடுத்தார் என்று நீங்களும் தள்ளி எடுத்தால் இரண்டு பலனும் இல்லை.

1982ஆம் வருடச் சிட்பண்ட் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். நடத்துகிறவருக்கு அதிகபட்சம் 7 சதவீதம்தான். நிறுவனம் பதிவானதா என்று மட்டும் கேட்காதீர்கள், நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட சீட்டுக் குழுவின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். தெருவில் தெரிந்தவர் நடத்தும் தீபாவளிச் சீட்டில் போடுவது, போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய தொகையாகவே இருக்கட்டும்.

மாதாமாதம் இவ்வளவு வரும் என்று உறுதி கூறும் எதிலும் பணம் போடாதீர்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் மூழ்கிய ஈமு கோழி வளர்ப்புத் திட்டத்தில் வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பணம் போட்டவர்கள் இன்னும் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

வங்கியில் போடும் பணத்துக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கூட்டுறவு வங்கிக்கும் அது பொருந்தும். ஊர் சொசைட்டி என்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் வைப்புக்கு அந்தக் காப்பீடு இல்லை. நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்துக்கும் இல்லை.

நகை: கல்யாணத்துக்குத் தேவையான பவுனை வாங்கித்தான் ஆக வேண்டும், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதை முதலீடு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். சேதாரமும் செய்கூலியும் ஜி.எஸ்.டி.யும் விற்கும் அன்று திரும்பி வராது.

வண்டி: ஷோரூமில் ‘10 சதவீத வட்டி’ என்பார்கள். பிளாட்டா, குறையும் இருப்புக்கா என்று கேளுங்கள். ஒரு லட்சத்துக்கு மூன்று வருடம் 10 சதவீதம் பிளாட் என்றால் வட்டி 30,000, மாதத் தவணை 3,611. நீங்கள் மாதாமாதம் அசலையும் கட்டிக்கொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. உண்மை வட்டி ஏறக்குறைய 18 சதவீதம். மூன்று மாதம் அந்த 3,611ஐத் தொடாத கணக்கில் தவறாமல் போட்டுப் பாருங்கள். முடிந்தால் வண்டி எடுங்கள், சேர்ந்த பணம் முன்பணத்துக்கு ஆகும். முடியாவிட்டால், கடன் இல்லாமலே விடை தெரிந்துவிட்டது.

12. நீண்ட காலத்துக்கு

பைனான்ஸும் கார்டும் தீர்ந்து, மூன்று மாதச் செலவு கையில் நிற்கும்போது இது. தபால் நிலைய ஆர்.டி. என்கிற தொடர் வைப்பை மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்து வருடம். பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதிக்கு வருடத்துக்குக் குறைந்தது 500, பதினைந்து வருடம். இன்னும் துணிவிருந்தால், பத்து வருடம் தொட மாட்டேன் என்ற பணத்தை மட்டும், பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் பண்டில் மாதாமாதம் போடலாம்.

பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (பியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) வியாபாரப் பக்கம் போகாதீர்கள். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

கடைசியாக ஒரு காகித வேலை. வங்கி, தபால் நிலையம், பி.எஃப்., காப்பீடு எல்லாவற்றிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் பி.எஃப்.இல் அம்மா பெயரைப் போட்டிருந்தாலும், கல்யாணம் ஆனதும் அந்தப் பதிவு செல்லாமல் போகும். புதிதாகப் பதிய வேண்டும். கல்யாண லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் வாரத்திலேயே கணக்குப் பிரிவுக்கு வந்து கேளுங்கள், இணையத்தில் பதிய உதவுவார்கள்.